கணக்கு எழுதிய கை கதையும் எழுதியது

ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று கேட்டார்கள். விஞ்ஞானி, தலைவர், விளையாட்டு வீரர் என்று ஆளுக்கொரு பக்கம் நம்ம பசங்க எழுதிவிடுவார்கள். நான் ஒரு கவிஞரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதுவும் ஆங்கிலக் கவிஞர். இறந்து 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! இந்தக் கவிஞர் சுங்கத்துறையில் கணக்கு எழுதியவர். அரசாங்கக் கட்டட வேலைகளுக்குப் பொறுப்பேற்று, கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலி பட்டுவாடா செய்தவர். ஒரு கருவியை எப்படிக் கையாள்வது என்று பத்து வயதுப் பையனுக்குச் செய்முறைப் புத்தகம் எழுதிக் கொடுத்தவர். சிவில் படிக்கிற எனக்கு, அட, இவர் நம்ம ஆளு என்று தோன்றியதில் தப்பு இல்லையே!

அவர் பெயர் ஜெஃப்ரி சாசர். டீ ஊற்றிக் குடிக்கிற சாசர் இல்லை! ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று உலகம் போற்றும் சாசர். அவருடைய கேன்டர்பரி கதைகள் என்ற நூல் இன்றும் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. நாள் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்த ஒரு மனிதருக்கு இவ்வளவு பெரிய பட்டம் எப்படி வந்தது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் இளமையும்

1340களின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்தார் சாசர். அப்பா ஜான் சாசர் ஒயின் வியாபாரி. தேம்ஸ் நதிக்கரையில் ஒயின் பீப்பாய்கள் வந்து இறங்கும் வின்ட்ரி என்ற பகுதியில் அவர்கள் வீடு. பல ஊர்க் கப்பல்காரர்கள், பல மொழிகள், பேரம், சண்டை, சிரிப்பு. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். 1348-49இல் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் வந்து இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாரிக்கொண்டு போனது. அப்போது சாசர் சின்னப் பையன். பிழைத்துக்கொண்டார்.

அவரைப் பற்றிக் கிடைத்த முதல் ஆதாரம் என்ன தெரியுமா? ஒரு கணக்குச் சீட்டு! 1357இல் அல்ஸ்டர் சீமாட்டி எலிசபெத்தின் அரண்மனையில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு ஒரு குட்டைச் சட்டையும், சிவப்பும் கறுப்புமான காலுறையும், ஒரு ஜோடி செருப்பும் வாங்கிய செலவு அந்த வீட்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் யாரோ அந்தக் கணக்கைக் கிழித்து வேறொரு புத்தகத்தின் அட்டைக்கு உள்ளே வைத்து ஒட்டிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் அது வெளியே வந்தது. பெரிய கவிஞரின் வரலாறு, துணிக்கடை பில்லில் ஆரம்பிக்கிறது பாருங்கள்!

1359இல் பிரான்சுக்குப் போர் வீரராகப் போனார். பிடிபட்டார். மறு ஆண்டு அவரை மீட்கக் கொடுத்த பணத்தில் அரசர் மூன்றாம் எட்வர்டின் பங்கு 16 பவுண்டு. பிறகு அரசரிடமே வேலை கிடைத்தது. அரசியிடம் பணிபுரிந்த ஃபிலிப்பா என்ற பெண்ணை மணந்தார். அரசாங்கக் காரியமாக 1372-73இல் இத்தாலியின் ஜெனோவாவுக்கும் ஃபிளாரன்சுக்கும், 1378இல் மிலானுக்கும் பயணம் போனார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. தாந்தேயும் பொக்காச்சியோவும் லத்தீனை மட்டும் கட்டிக்கொண்டு அழாமல், தங்கள் ஊர் ஜனங்கள் பேசுகிற இத்தாலிய மொழியிலேயே உலகம் வியக்கும் நூல்களை எழுதியிருந்தார்கள். சாசர் அவற்றைப் படித்தார். மனதில் விதை விழுந்தது.

மூன்று மொழி நாடு

அன்றைய இங்கிலாந்தில் மொழி நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் சாசர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் நாட்டைப் பிடித்தபின், அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. கோவிலிலும் கல்வியிலும் லத்தீன். ஆங்கிலம் எங்கே இருந்தது? வயலில், சமையலறையில், சந்தையில். ஆமாம் நண்பர்களே, இன்று நாம் பார்த்து மிரளுகிற ஆங்கிலம், அன்று பெரிய மனிதர்கள் ஏட்டில் ஏற்றத் தயங்கிய மொழி! 1362இல்தான் வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாடலாம் என்று சட்டம் வந்தது. அப்போதும் பதிவு எழுதுவது லத்தீனில்தான். சாசரின் நண்பர் ஜான் கோவர் மூன்று மொழியிலும் எழுதினார். சாசரோ தம் கவிதைக்கு ஆங்கிலத்தையே பிடித்துக்கொண்டார்.

பகலில் கணக்கு, இரவில் கவிதை

1374இல் லண்டன் துறைமுகத்தில் கம்பளி, ஆட்டுத்தோல், பதனிட்ட தோல் ஆகியவற்றின் சுங்கக் கட்டுப்பாட்டு அதிகாரியாக நியமிக்கப்பட்டார். ஆண்டுக்கு 10 பவுண்டு சம்பளம். கணக்கை ஆள் வைத்து எழுதக்கூடாது, தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் காலத்தில் கம்பளிதான் இங்கிலாந்தின் செல்வம். வரி வசூலித்தவர்கள் பெரும் பணக்கார வியாபாரிகள். அவர்கள் கணக்கைச் சரிபார்ப்பது சாசரின் வேலை. எவ்வளவு சங்கடமான நாற்காலி என்று யோசித்துப் பாருங்கள்.

நகரத்தின் ஆல்ட்கேட் கோட்டை வாசலுக்கு மேலே இருந்த வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருந்தார். ஒரு கவிதையில் தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்கிறார். கணக்கெல்லாம் முடித்து வீட்டுக்கு வந்தால், ஊர்ச் செய்தி கேட்க வெளியே போவதில்லை. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. இன்னொரு புத்தகத்தின் முன்னால் கல் மாதிரி உட்கார்ந்து கண் மங்கும்வரை படிப்பதுதான் பழக்கமாம். இப்படிப் 12 ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே, 8,000 வரிகளுக்கு மேல் உள்ள டிராய்லஸும் கிரிசைடும் என்ற காதல் காவியத்தை எழுதினார். பறவைகள் கூடித் துணை தேடும் நாளாக வாலன்டைன் திருநாளைக் காட்டும் கவிதையும் இவருடையதே. அந்த நாளைக் காதலோடு சேர்த்துப் பேசும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று. காதலர் தினத்துக்கு வாழ்த்து அட்டை தேடுகிற நண்பர்கள் சாசருக்கும் ஒரு நன்றி சொல்லலாம்!

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1380இல் செசிலி ஷாம்பேன் என்ற பெண் ஒரு குற்றத்திலிருந்து சாசரை விடுவிப்பதாக எழுதிக் கொடுத்த பத்திரம் 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்தது. அதில் இருந்த ஒரு லத்தீன் சொல்லுக்குப் பலாத்காரம் என்றும் பொருள் கொள்ளலாம், கடத்தல் என்றும் கொள்ளலாம். ஒன்றரை நூற்றாண்டு காலம் அந்தக் களங்கம் அவர் பெயரோடு ஒட்டியிருந்தது. 2022இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய நீதிமன்ற ஏடுகளிலிருந்து புதிய ஆவணங்களை வெளியிட்டார்கள். கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் பற்றாக்குறையால் வந்த கூலிச் சட்டத்தின்கீழ், செசிலியின் பழைய எஜமானர் போட்ட வழக்கு அது. அவரை விட்டுச் செசிலி சாசரிடம் வேலைக்குப் போனதுதான் புகார். செசிலியும் சாசரும் ஒரே பக்கம் நின்ற பிரதிவாதிகள் என்று அவை காட்டின. ஒரு சொல்லை மட்டும் வைத்து ஒருவரை எடை போடக்கூடாது என்பதற்கு இது பாடம்.

1386இல் கென்ட் மாவட்டத்தின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டில் ஆல்ட்கேட் வீடும் போயிற்று, சுங்க வேலையும் போயிற்று. 1388இல் அரசியல் புயல் அடித்தது. அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்த நிக்கோலஸ் பிரெம்பர் தூக்கிலிடப்பட்டார். விலகி இருந்ததால் சாசர் தப்பினார். வேலை இல்லை, வீடு இல்லை, மனைவியும் அந்தச் சமயத்தில் இறந்துவிட்டார் என்று தெரிகிறது. நாமாக இருந்தால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில்தான், ஏறத்தாழ 1387 முதல், அவர் தன் மாபெரும் படைப்பைத் தொடங்கினார்.

கேன்டர்பரி கதைகள்

1170இல் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்ட ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்கு யாத்திரை போவது அந்தக் காலத்து வழக்கம். லண்டனிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஒரு ஏப்ரல் மாதம், லண்டன் பாலத்துக்குத் தெற்கே டபார்ட் என்ற சத்திரத்தில் சுமார் 30 யாத்திரிகர்கள் ராத்தங்குகிறார்கள். சத்திரக்காரர் ஹாரி பெய்லி ஒரு யோசனை சொல்கிறார். வழி நெடுகச் சும்மா போவானேன்? போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு என்று ஆளுக்கு நான்கு கதை சொல்லுங்கள். நல்ல கதை சொன்னவருக்குத் திரும்பி வந்ததும் எல்லார் செலவிலும் விருந்து! கணக்குப் போட்டால் 120 கதை. சாசர் எழுதியது 24தான். அதிலும் சில பாதியில் நிற்கின்றன. ஆனாலும் 17,000 வரிகளுக்கு மேல்.

கதைக்குள் கதை என்பது புதிதல்ல. பொக்காச்சியோவும் செய்திருந்தார். ஆனால் அவருடைய கதைசொல்லிகள் பத்துப் பேரும் மேட்டுக்குடி இளைஞர்கள். சாசரின் கூட்டத்தைப் பாருங்கள். போர்வீரர் இருக்கிறார், மாவு மில்காரர் இருக்கிறார். கன்னித்துறவி, வக்கீல், டாக்டர், சமையல்காரர், மாலுமி, ஏர் உழுகிறவர், பாவமன்னிப்புச் சீட்டு விற்கிற ஏமாற்றுக்காரர், ஐந்து கணவரைக் கண்ட பாத் நகரத்து அம்மாள் என்று ஒரு நாடே குதிரையேறி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனி உடை, தனி முகம், தனிப் பேச்சு.

முதல் கதை போர்வீரருடையது. அரச வம்சத்துக் காதல் கதை. அடுத்து மரியாதைப்படி ஒரு துறவி சொல்ல வேண்டும். அதற்குள் குடித்துவிட்டுத் தள்ளாடும் மில்காரர் குறுக்கே புகுந்து, இப்போ என் முறை என்கிறார். தடுத்தும் கேட்கவில்லை. சொல்லியே விடுகிறார். அந்த இடத்தைப் படித்தபோது எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு. வரிசை உடைந்துவிட்டது. இனிமேல் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆங்கில இலக்கியத்தின் கதவு அந்த மில்காரருக்குத் திறந்தது, அவருடைய சொந்தப் பேச்சோடேயே திறந்தது.

ஒரு கதை மட்டும் சொல்கிறேன். கொள்ளைநோய்க் காலத்தில் மூன்று குடிகார வாலிபர்கள், நண்பனைக் கொன்ற சாவு என்பவனைத் தேடிப்பிடித்துக் கொல்வதாகச் சபதம் செய்து கிளம்புகிறார்கள். ஒரு கிழவர் வழி காட்டுகிறார். அந்த மரத்தடிக்குப் போனால் பொற்காசுக் குவியல்! சாவு மறந்துபோகிறது. இளையவனை ரொட்டியும் ஒயினும் வாங்க அனுப்பிவிட்டு, வந்ததும் தீர்த்துக்கட்ட மற்ற இருவரும் திட்டம் போடுகிறார்கள். அவனோ ஒயினில் விஷம் கலந்து கொண்டுவருகிறான். அவர்கள் அவனைக் குத்துகிறார்கள்; பிறகு ஒயினைக் குடிக்கிறார்கள். தேடிய சாவு மூவருக்கும் கிடைத்துவிட்டது! இந்தக் கதையின் மிகப் பழைய வடிவம் நம் நாட்டுப் பாலி மொழி ஜாதகக் கதைகளில் ஒன்றான வேதப்ப ஜாதகத்தில் இருக்கிறது. எங்கிருந்து எங்கே போயிருக்கிறது பாருங்கள். பேராசை கூடாது என்று இந்தக் கதையைச் சொல்பவர் யார்? பேராசையே பிழைப்பாகக் கொண்ட அந்தப் பாவமன்னிப்பு வியாபாரி! அவரே அதை ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிறார். சொல்பவரையும் கதையையும் சேர்த்துப் படிக்க வைத்ததுதான் சாசரின் சாமர்த்தியம்.

லேப் பசங்களுக்கு இன்னொரு கதை இருக்கிறது. ரசவாதி ஒருவரின் உதவியாளன் தன் கஷ்டத்தைக் கொட்டுகிறான். உலையை ஊதி ஊதி முகமே கறுத்துப்போயிற்று. பாத்திரம் வெடித்துச் சரக்கு சிதறுகிறது. உடனே விவாதம்: நெருப்பு மூட்டிய விதம்தான் காரணம் என்கிறான் ஒருவன். ஊதியது சரியில்லை என்கிறான் இன்னொருவன். பீச் மர விறகு போடாததுதான் தப்பு என்கிறான் வேறொருவன். ரீடிங் வராத நாளில் நம் லேபில் நடப்பதும் இதேதான்!

கூட்டத்தில் சாசரும் ஒரு யாத்திரிகர். ஆனால் அவர் சொல்லும் பாட்டுக்கதைதான் படுமோசம்! போதும் நிறுத்து என்று சத்திரக்காரர் பாதியில் மறித்துவிடுகிறார். தன் நூலிலேயே தன்னைக் கோமாளியாக்கிச் சிரிக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

கட்டடப் பணியும் கருவிக் கையேடும்

1389 ஜூலையில் மறுபடி வேலை வந்தது. அரசரின் கட்டடப் பணி எழுத்தர். தினக்கூலி 2 ஷில்லிங். பெயர்தான் எழுத்தர், பொறுப்போ மலை. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை, லண்டன் கோட்டை, இன்னும் பல மாளிகைகளின் பராமரிப்பு. கல், மரம், ஈயம் வாங்க வேண்டும். ஆள் பிடிக்க வேண்டும். கூலி கொடுத்துக் கணக்கு வைக்க வேண்டும். 1390இல் ஸ்மித்ஃபீல்டில் நடந்த குதிரைப் போட்டிகளுக்குப் பார்வையாளர் மேடைக்குச் சாரம் கட்டியது இவர் மேற்பார்வையில்தான். சைட் இன்ஜினியருக்கு உள்ள எல்லாத் தலைவலியும் இவருக்கும் உண்டு. கூடுதலாக ஒன்று: அதே ஆண்டு செப்டம்பரில் வழிப்பறிக்காரர்கள் அவரை அடித்துப் பிடுங்கினார்கள். அரசாங்கப் பணம் சுமார் 20 பவுண்டு போயிற்று. நல்லவேளை, திருப்பிக் கட்ட வேண்டாம் என்று பிறகு உத்தரவு வந்தது. 1391 ஜூனில் அந்த வேலையை விட்டார்.

அதே 1391இல் அவர் எழுதியதுதான் என்னைக் கட்டிப்போட்ட புத்தகம். அஸ்ட்ரோலேப் என்பது பித்தளையில் செய்த வட்டத் தகடு. வளையத்தில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, சூரியனையோ நட்சத்திரத்தையோ துளை வழியே பார்த்து உயரக் கோணத்தை அளப்பார்கள். அதிலிருந்து நேரம், திசை எல்லாம் கணக்கிடலாம். நம்ம தியோடலைட்டுக்குத் தாத்தா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். லூயிஸ் என்ற பத்து வயதுப் பையனுக்காக, மகனே என்று அழைத்து அவர் எழுதினார். முதல் பகுதியில் கருவியின் பாகங்கள் ஒவ்வொன்றாக. இரண்டாம் பகுதியில் செய்முறை. அப்படியே நம் லேப் மேனுவல்! ஐந்து பகுதி திட்டமிட்டார், இரண்டோடு நின்றுவிட்டது. ஆனாலும் ஒரு விஞ்ஞானக் கருவிக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகப் பழைய கையேடுகளில் அது ஒன்று.

ஏன் லத்தீனில் எழுதவில்லை என்பதற்கு முன்னுரையில் அவரே காரணம் சொல்கிறார். பையனுக்கு லத்தீன் போதாது. கிரேக்கர் கிரேக்கத்தில் கற்றார்கள், அரபியர் அரபியில் கற்றார்கள், ரோமானியரும் தங்கள் மொழியான லத்தீனில்தான் கற்றார்கள். அப்படியிருக்க இவன் ஆங்கிலத்தில் கற்றால் என்ன? உண்மை எந்த மொழியில் சொன்னாலும் உண்மைதானே என்கிறார். சொன்னதையே திரும்பச் சொல்வதற்கு மன்னிப்பும் கேட்கிறார். குழந்தை ஒருமுறை மறப்பதைவிட இரண்டு முறை சொல்வது மேல் என்பது அவர் எண்ணம். இப்படி ஒரு வாத்தியார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

முடிவும் புகழும்

1399 டிசம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத் தோட்டத்தில் ஒரு வீட்டை 53 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். என்ன நம்பிக்கை பாருங்கள்! ஆனால் ஓராண்டுகூட முழுதாக இருக்கவில்லை. 1400 அக்டோபர் 25 என்று அவர் கல்லறை இறந்த நாளைக் குறிக்கிறது. ஆலயத்துக்குள் அவரைப் புதைத்தது கவிஞர் என்பதற்காக அல்ல. அந்த வளாகத்தில் குடியிருந்தவர், அரசருக்கு ஊழியம் செய்தவர் என்பதற்காகத்தான். 1556இல் அவருக்குப் புதிய கல்லறை கட்டினார்கள். பிறகு ஸ்பென்சர் முதலிய கவிஞர்களை அருகே அடக்கம் செய்ய, அந்த மூலைக்கே கவிஞர் மூலை என்று பெயர் வந்துவிட்டது.

கேன்டர்பரி கதைகளின் கையெழுத்துப் பிரதிகள், துண்டுகளையும் சேர்த்து, 80க்கு மேல் இன்றும் உள்ளன. 1476இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன், முதலில் அச்சிட்ட பெரிய நூல்களில் அதுவும் ஒன்று. ஒரு வாசகர் வந்து, பிரதியில் பிழை இருக்கிறது, என் அப்பாவிடம் நல்ல பிரதி உண்டு என்று சொல்ல, 1483 வாக்கில் திருத்தி மறுபதிப்புப் போட்டார். பத்து அசை கொண்ட வரிகளை இரண்டிரண்டாக எதுகை சேர்த்து எழுதும் முறையை ஆங்கிலத்தில் நிலைநாட்டியவர் சாசர். அந்தப் பத்தசை வரியைத்தான் இருநூறு ஆண்டு கழித்து ஷேக்ஸ்பியர் நாடகமேடையில் முழங்க வைத்தார். மன்னனும் மில்காரனும் ஒரே நூலில், அவரவர் குரலில் பேசலாம் என்ற துணிச்சலும் சாசர் கொடுத்த சொத்துதான்.

நண்பர்களே! பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு இங்கே வந்து, முதல் செமஸ்டர் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் நெஞ்சு அடைத்தவர்களில் நானும் ஒருவன். வைவாவில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றிருக்கிறேன். ஆங்கிலத்தைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாசரும் பிரெஞ்சு, லத்தீன், இத்தாலியன் எல்லாம் படித்தவர்தான். படித்ததைத் தன் வீட்டு மொழிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இன்று நம்மை மிரட்டுகிற ஆங்கிலமே ஒரு காலத்தில் நம்மைப்போலக் கூச்சத்தோடு ஓரமாக நின்ற மொழிதான். அதன் கூச்சத்தைப் போக்கியவர்களில் முன்னால் நிற்பவர், பகலெல்லாம் கணக்கு எழுதிய ஒரு உத்தியோகஸ்தர்.

இப்போதெல்லாம் சர்வே பிராக்டிகல் முடிந்ததும், ரெக்கார்டில் எழுதுவதற்கு முன்னால் செய்முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறேன். லூயிஸ் மாதிரி ஒரு சின்னப் பையன் எதிரே உட்கார்ந்து கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவனுக்குப் புரிந்தால் எனக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். நீங்களும் ஒருமுறை எழுதிப் பாருங்களேன்!